மணிலா மாணவர் ஹோஸே ரிஸால்

பெரியோரது வாழ்க்கை வரலாற்றைக் கற்பார் பெரும்பாலும் அவர் நிகழ்த்திய அருஞ்செயல்களையே நோக்குவர்; அச்செயல்களுக்கு வித்தாய் அமைந்த இளமைக்கால நிகழ்ச்சிகளை விரைந்து கடந்து செல்வர். போர்க்களமும் அரசவையும் சிறைக்கூடமும் நம் உள்ளத்தைக் கவர்வது போல, வகுப்பறையும் விடுதியும் தேர்வுக்கூடமும் கவர்வதில்லை. ஆயினும், மாணவப் பருவத்தில் ஒருவர் உற்ற சிறு சிறு இன்னல்களே அவரது பிற்கால வாழ்வு முழுமைக்கும் வழிகோலியமைக்கு உலக வரலாற்றிற் சான்றுகள் உண்டு. அவற்றுள் ஒன்று, பிலிப்பைன் நாட்டின் தேசிய வீரர் எனப் போற்றப்பெறும் ஹோஸே ரிஸால் அவர்களின் வரலாறு. அவர் மருத்துவர், நாவலாசிரியர், கவிஞர், சிற்பி, பன்மொழிப் புலவர். முப்பத்தைந்தாம் வயதிலே தம் நாட்டின் பொருட்டு உயிர்நீத்தவர். ஆனால், அவரைக் கல்லூரி மாணவராக வைத்துக் காண்பதே நம்மனோர்க்கு மிகவும் பயன் தருவதாகும். ஆதலின் அப்பகுதியையே ஈண்டு விரித்துரைக்கப் புகுந்தோம்.

பிறப்பும் இளமையும்

ஆசியாக் கண்டத்திற்குத் தென்கிழக்கே, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளின் கூட்டமாய் விளங்குவது பிலிப்பைன் நாடு. அத்தீவுகளுட் பெரியது லூஸான் என்பது. வெயிலும் பெருமழையும் மாறிமாறி வரும் அத்தீவில், பெரிய ஏரியொன்றின் கரையிலே, நெல்லும் கரும்பும் தென்னையும் செழித்து வளரும் கலம்பா என்னும் ஊரில், 1861-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் நாள் ரிஸால் பிறந்தார். பிரான்சிஸ்கோ மெர்க்காடோ என்பார் அவர் தந்தையார். தெயடோரா அலொன்ஸோ என்பார் தாயார். மக்கள் பதினொருவருள் ரிஸால் ஏழாமவர். ஆண்மக்கள் இருவரே, மூத்தவரான பசியானோ தம்பியினும் பத்து வயது மூத்தவர்.

அந்நாடு 1565-ஆம் ஆண்டு முதல் ஸ்பெயின் தேயத்தாரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. கலம்பாவின் விளைநிலங்கள் தொமினிக்கச் சபைத் துறவியரின் உடைமை. ரிஸாலின் குடும்பத்தார் அந்நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்து வளமுற்றவர்கள். தாயார் மணிலாவிற் கல்வி கற்றவர். வீட்டிலே நூல்கள் பல இருந்தன. மகனுக்கு எழுத்தறிவித்த முதல் ஆசிரியர் அவரே. ஓர் இரவு, விளக்கொளியை நாடித் தாய் சொற் கேளாது பறந்து மாண்ட விட்டிற்பூச்சியின் கதையை அவர் மகனுக்குப் படித்துக் காட்டினார். கீழ்ப்படிதலின் இன்றியமையாமையை உணர்த்துவது அவர் கருத்து. மகனோ, எதிரே எரிந்த விளக்கைச் சுற்றிப் பறந்த பூச்சிகளைப் பார்த்தவாறே, அவ்வொளி எத்துணை அழகியதென்று எண்ணியிருந்தான். பின்னாளில் ரிஸாலே இந்நிகழ்ச்சியைத் தம் நினைவுக் குறிப்பில் வரைந்துள்ளார்.

1872-ஆம் ஆண்டு அக்குடும்பத்திற்குக் கொடிய ஆண்டாயிற்று. கவீத்தே என்னுமிடத்துப் படைவீரர் செய்த கலகத்திற்குத் துணைபோயினர் என்று பழி சுமத்தி, கோமெஸ், பூர்கோஸ், ஸமோரா என்னும் உள்நாட்டுக் குருமார் மூவரை ஆட்சியாளர் அவ்வாண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் மணிலாவின் பகும்பாயன் வெளியிலே கழுத்தை நெரிக்கும் பொறியால் கொல்வித்தனர். மாணவராயிருந்த பசியானோ, பூர்கோஸ் அடிகளின் அன்புக்குரியவர். அவர் இல்லத்திலேயே தங்கிக் கற்றவர். ஆசிரியர் இறந்தபின் அவர் கல்லூரியைத் துறந்தார். ஏறக்குறைய அக்காலத்திலேயே ரிஸாலின் தாயார்மீதும் உறவினள் ஒருத்திக்கு நஞ்சூட்ட முயன்றார் என்னும் பொய்க்குற்றம் சாட்டப்பட்டது. அவரைக் கலம்பாவிலிருந்து மாகாணத் தலைநகராகிய சாந்தா குரூஸ் வரை, ஏறத்தாழ முப்பது மைல் தூரம், கால்நடையாகவே நடத்திச் சென்றனர். இரண்டரை ஆண்டு அவர் சிறையிலிருந்தார். தாய் சிறையிலும் தமையன் கல்வியிழந்தும் நின்ற அந்நாளிலேதான் பதினொரு வயதுச் சிறுவன் கல்லூரி வாயிலை மிதிக்கலானான்.

கலாசாலையிற் புகுதல்

1872-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மணிலாவின் கோட்டை மதிலுக்குள் இயேசு சபையார் நடத்திவந்த அதீனியோ என்னும் கலாசாலைக்குத் தம்பியைப் பசியானோ அழைத்துச் சென்றார். அங்கே முதலில் அச்சிறுவனைச் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். காலங்கடந்து வந்தான் என்பது ஒரு காரணம்; வயதிற்கேற்ற வளர்ச்சியின்றி மெலிந்திருந்தான் என்பது மற்றொரு காரணம். பூர்கோஸ் அடிகளின் உறவினர் ஒருவர் பரிந்துபேசியதனாலேயே இடம் கிடைத்தது. குடும்பப் பெயராகிய மெர்க்காடோ அதிகாரிகளின் ஐயத்திற்கு இலக்காயிருந்தமையின், அப்பெயரை விடுத்து ரிஸால் என்னும் பெயரால் அவர் பதிவு செய்யப்பட்டார். பிறரெல்லாம் தந்தையின் பெயரோடு கல்லூரிக்குச் செல்ல, இவர் அதனை மறைத்துக்கொண்டு செல்ல நேர்ந்தது.

தங்குவதற்கு இடம் கோட்டைக்குப் புறத்தே கிடைத்தது. அவ்வீட்டுக்குரிய மாது ரிஸாலின் குடும்பத்தாருக்கு 300 பேஸோ கடன்பட்டவர். கடனைக் கழிக்கும் வகையாக இளைஞருக்கு உணவும் உறையுளும் அளித்தார் என்பர். அங்கிருந்து கலாசாலைக்கு இருபத்தைந்து நிமிட நடை. வெப்ப நாட்டு வெயிலிலும் மாரிக்காலச் சேற்றிலும் நாள்தோறும் அவ்வழியை நடந்து கடந்தார் அச்சிறுவர்.

இவையினும் பெரிய இடையூறு மொழி. வீட்டில் வழங்கியது தகாலோக் மொழி. கலாசாலையிற் பாடம் முழுவதும் ஸ்பானிய மொழியில். கணக்கை அறிந்தும் கணக்கைச் சொல்ல அறியாத நிலை, கருத்து உண்டாகியும் சொல் வாராத நிலை, அந்நிய மொழி வாயிலாகக் கற்ற எந்நாட்டு மாணவர்க்கும் புதிதன்று. ரிஸால் அதனைக் குறித்து வருந்தி அமர்ந்துவிடவில்லை. நண்பகல் இடைவேளையிலே, பிற மாணவர் உண்டு இளைப்பாறும் நேரத்தில், சாந்தா இஸபெல் கல்லூரிக்குச் சென்று, மூன்று பேஸோ கட்டணம் செலுத்தி ஸ்பானிய மொழியைத் தனியே கற்றுவந்தார்.

ரோமரும் கார்த்தேஜியரும்

அதீனியோவின் வகுப்பு முறை வேடிக்கையானது. மாணாக்கர் இரு பேரரசுகளாகப் பிரிக்கப்பட்டனர். விடுதியில் உறைவோர் ரோமப் பேரரசினர். வெளியிலிருந்து வருவோர் கார்த்தேஜியப் பேரரசினர். முன்னவர்க்குச் செங்கொடி, பின்னவர்க்கு நீலக்கொடி. ஒவ்வொரு பேரரசிலும் முதல் மாணாக்கன் சக்கரவர்த்தி. அவனுக்குக் கீழே படிப்படியாகப் பல பதவியினர். தாழ்ந்த நிலையிலுள்ளவன் மேனிலையிலுள்ளவனைப் பாடத்திற் போருக்கழைத்து, பிழை கண்டு வென்றால், அவன் இடத்தைக் கைப்பற்றலாம். குலமும் செல்வமும் நோக்காது திறமை ஒன்றையே நோக்கும் இம்முறை, ஸ்பானியச் சிறுவரோடு உள்நாட்டுச் சிறுவரையும் ஒரே களத்தில் நிறுத்தியது.

புதிதாய் வந்தமையின் ரிஸால் கார்த்தேஜியர் வரிசையின் கடைசியில் அமர்த்தப்பட்டார். ஒரு திங்களுக்குள் அவர் சக்கரவர்த்தியானார். பரிசாகச் சமயப்படம் ஒன்று பெற்றார். ஆயினும் அவ்வாண்டின் பிற்பகுதியில் ஆசிரியர் ஒருவர் சொன்ன சொல் அவர் மனத்தைப் புண்படுத்தியது. அதனால் ஊக்கம் குன்றி, இரண்டாம் இடத்தோடு ஆண்டை முடித்தார். ரிஸாலும் சினத்தால் படிப்பைச் சோரவிட்ட காலம் உண்டு என்பது நாம் கருதத்தக்கது. விடுமுறையில் அவர் தனியே சாந்தா குரூஸ் சென்று, சிறையிலிருந்த தாயைக் கண்டு, தாம் பெற்ற மதிப்பெண்களைக் கூறி மகிழ்வித்தார். சிறைக்கம்பிக்கு அப்பால் நின்ற அத்தாய்க்கு அச்செய்தியினும் சிறந்த மருந்து வேறுண்டோ?

அடுத்த ஆண்டுகளில் அவர் மீண்டும் முன்னிடத்தை எய்தினார். கதைநூல்களையும் பிரயாண நூல்களையும் ஆர்வத்தோடு கற்றார். பல தொகுதிகளையுடைய உலக வரலாற்று நூலொன்றைத் தந்தையிடம் வேண்டிப் பெற்றார். 1875-ஆம் ஆண்டில் விடுதி மாணவரானபின், பிரான்சிஸ்கோ சான்சேஸ் என்னும் குருவானவர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். இளைஞரின் கவித்திறனைக் கண்டு அதனைப் பேணி வளர்த்தவர் அவரே. தம் ஆசிரியருள் ரிஸால் வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைந்தவரும் அவரே. அந்நாளில் ரிஸால் கத்தியொன்று கொண்டு, மரத்தில் இயேசுவின் திருவிருதயச் சுரூபம் ஒன்றைச் செதுக்கினார். மாணவர் அதனைத் தம் விடுதியில் வைத்துப் பல்லாண்டு போற்றினர். இச்சுரூபத்தை நாம் மீண்டும் ஓரிடத்திற் காண்போம். 1877-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பதினாறு வயது நிரம்புமுன், மிகச் சிறந்த தேர்ச்சியோடு அவர் பட்டம் பெற்றார்.

சர்வகலாசாலைத் துன்பங்கள்

அவ்வாண்டே ரிஸால் சாந்தோ தோமாஸ் சர்வகலாசாலையிற் புகுந்தார். 1611-ஆம் ஆண்டு தோன்றிய அப்பழம்பெருங் கழகத்தைத் தொமினிக்கச் சபையார் நடத்தி வந்தனர். முதலாண்டு தத்துவமும் இலக்கியமும் கற்றார். தாயாரின் கண்ணொளி மங்கி வருதல் கண்டு, அதனை மாற்றும் கருத்தோடு 1878-ஆம் ஆண்டில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். அதனோடு அதீனியோவில் நில அளவைக் கலையையும் கற்றுத் தேர்ந்தார். தேர்வில் வென்றும் வயது நிரம்பாமையால் அதற்குரிய உரிமைச்சீட்டு 1881-ஆம் ஆண்டிலேதான் அவர் கைக்கு வந்தது.

அதீனியோவில் ஒளிவீசிய மாணவர் சாந்தோ தோமாஸில் அவ்வாறு விளங்கவில்லை. அவர் பெற்ற மதிப்பெண்கள் சில பாடங்களிற் சாதாரணமாகவே இருந்தன. உள்நாட்டு மாணவரை ஆசிரியர் சிலர் தாழ்வாக நடத்தினர். பாடமுறையோ பழமையில் ஊறிக்கிடந்தது. உள்நாட்டாரை ஸ்பானியர் இந்தியோ என்று இழித்து அழைப்பர். தெருவிலும் அப்பெயர்; வகுப்பிலும் அவ்வெண்ணம். இரு சாராரின் மாணவரிடையே தெருச்சண்டைகளும் நிகழ்ந்தன. ரிஸால் தம் தோழரைச் சேர்த்து ஒரு மாணவர் கழகம் அமைத்தார். ஒருகால் சண்டையில் தலையிற் காயமுற்று, குருதி ஒழுக விடுதிக்குத் தூக்கிவரப்பட்டார்.

விடுமுறையில் ஊர் சென்றாலும் அமைதி இல்லை. ஓர் இரவு கலம்பாவில் இருட்டினூடே நடந்து சென்றபோது, எதிரே நின்ற காவற்படைத் தலைவன் ஒருவனை அவர் அடையாளம் கண்டிலர். அதனால் வணக்கம் செலுத்தாது சென்றார். அவன் சினந்து வாளால் அவர் முதுகிற் காயப்படுத்தினான். புண் ஆற இரு வாரம் சென்றன. ரிஸால் ஆட்சித் தலைவருக்கு முறையிட்டார், முறை கிடைத்திலது.

இவ்வின்னல்களுக்கிடையே அவர் வேறொரு களத்தில் வென்றார். 1879-ஆம் ஆண்டில் மணிலாவின் கலை இலக்கியக் கழகம் உள்நாட்டார்க்கென நடத்திய கவிப்போட்டியில், பிலிப்பைன் இளைஞரை நோக்கி அவர் பாடிய கவி முதற்பரிசு பெற்றது. இறகுபோற் செய்த வெள்ளி எழுதுகோல் பரிசாயிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அடுத்த ஆண்டில் ஸ்பானியப் பேராசிரியரான ஸெர்வாண்டிஸின் நினைவாக நடந்த போட்டி ஸ்பானியர்க்கும் பொதுவானது. அதிலும் ரிஸாலின் நாடகமே முதலிடம் பெற்றது. பொன் மோதிரம் பரிசாயிற்று. ஸ்பானிய மொழியிலே ஸ்பானியரை வென்றவர், சில ஆண்டுகட்குமுன் நண்பகல் உறக்கத்தை விட்டு அம்மொழியை எழுத்தெண்ணிக் கற்ற அச்சிறுவரே. ஆயினும் பரிசு பெற்றதனால் வகுப்பில் அவர் நிலை உயர்ந்ததில்லை. மருத்துவக் கல்வியில் நான்காண்டு கழிந்தபின், இங்கிருந்து இனிக் கற்பதற்கில்லை என்று தெளிந்தார்.

கடல் கடந்த கல்வி

1882-ஆம் ஆண்டு மே மாதத்தில், பெற்றோரும் அறியாவண்ணம், ரிஸால் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். செலவுக்கு 356 பேஸோ தேடித் தந்தவர் பசியானோ. தம் கல்வி பாதியில் முறிந்தும் தம்பியின் கல்வி முறியலாகாதென்று வயலில் உழைத்துப் பொருள் அனுப்பிய அத்தமையனாரை இவ்வரலாற்றில் மறத்தல் ஆகாது. சிங்கப்பூரிற் கப்பல் மாறி, இலங்கைத் தீவின் காலித் துறைமுகத்தையும் கொழும்பு மாநகரையும் கண்டு, கொழும்பின் எழிலை வியந்து, ஏடன், சூயஸ் வழியாக ஸ்பெயினை அடைந்தார்.

மாட்ரிட் நகரின் மத்திய சர்வகலாசாலையில் மருத்துவத்தையும், தத்துவமும் இலக்கியமும் சார்ந்த பாடங்களையும் ஒருங்கே பயின்றார். கலம்பாவில் விளைச்சல் குன்றும்போதெல்லாம் மாட்ரிட்டில் அவர் உணவும் குன்றியது. 1884-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள், கையிற் காசின்றிக் காலை முதல் ஒன்றும் உண்ணாமலே கிரேக்க மொழிப் போட்டிக்குச் சென்று முதற்பரிசு பெற்றார். அன்றிரவே, ஓவியப் போட்டியிற் பரிசு பெற்ற தம் நாட்டினரான லூனா, ஹிதால்கோ என்னும் இருவரையும் பாராட்டும் விருந்தில் எழுந்து பேசினார். திறமைக்கு இனவேற்றுமை இல்லை என்பதே அப்பேச்சின் சாரம். அப்பேச்சு தாய்நாட்டுக்கு எட்டியது. ஆட்சியாளர் அவரைக் கண்காணிக்கத் தொடங்கினர். பட்டங்கள் பெற்றபின் பாரிஸிலும் ஹைடல்பர்க்கிலும் தலைசிறந்த கண் மருத்துவர்களிடம் பயிற்சி பெற்றார்.

நூல்களில் மாணவன் குரல்

1887-ஆம் ஆண்டு பெர்லினில் ரிஸாலின் முதல் நாவல் வெளிவந்தது. யோவான் சுவிசேஷத்தின் இலத்தீன் வாசகத்தினின்று எடுக்கப்பட்ட அதன் பெயர், என்னைத் தொடாதே எனப் பொருள்படும். அச்சுச் செலவைக் குறைக்க ஓர் அதிகாரத்தையே நீக்க நேர்ந்தது. நண்பர் ஒருவர் 300 பேஸோ கடன் அளிக்க, 2000 பிரதிகள் அச்சாயின. பள்ளிக்கெனத் தனிக் கட்டிடமும் இன்றி, ஸ்பானிய மொழி கற்பிக்கவும் உரிமையின்றி, பிரம்பினாலேயே கல்வி புகட்டுமாறு வற்புறுத்தப்படும் ஏழை ஆசிரியர் ஒருவரின் அவலம் அந்நூலில் உருக்கமாய் வரையப்பட்டுள்ளது.

1891-ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் கென்ட் நகரில் வெளிவந்த இரண்டாம் நாவலைக் கொலையுண்ட குருமார் மூவர்க்கும் அவர் உரிமையாக்கினார். அதில் ஓர் அதிகாரம் மணிலா சர்வகலாசாலையின் பௌதிக வகுப்பைக் காட்டுகின்றது. இருநூற்றுக்கு மேற்பட்ட மாணவர். சுவரிற் படமும் இல்லை. பௌதிகக் கருவிகளோ கண்ணாடிப் பேழைக்குள் அழகுற அடுக்கப்பட்டுள்ளன. வரும் விருந்தினர் கண்டு மகிழ்வதற்கன்றி மாணவர் தொட்டுப் பயில்வதற்கு அவை இல்லை. மாணவர் செய்ய வேண்டுவது பாடநூலை வரிபிறழாது ஒப்புவித்தலே. ஆசிரியர் கொச்சை மொழியால் அவரை ஏளனம் செய்கின்றார். அமைதியே வடிவான பிளாஸிதோ என்னும் மாணவன், பெயரைச் சொல்லிப் பழிக்கப்பட்டு, வாராத நாளென்று பொய்க்குறியும் இடப்பட்டு, ஒருநாள் பொறுமையிழந்து எழுந்து, தன் மனத்துள்ளதைக் கூறி வகுப்பை விட்டே வெளியேறுகின்றான். பூட்டிய பேழையும் புண்பட்ட உள்ளமும் கொண்ட அவ்வகுப்பின் காட்சி, அங்கே பயின்ற ஒருவரது கையால் வரையப்பட்டது என்பதனை யாரும் எளிதில் உணர்வர். ஆயினும் ஆசிரியர் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது, பல தலைமுறை மாணவரின் துயரமாகவே அதனைக் கூறியுள்ளார்.

இவ்விரு நூல்களுக்கும் இடையே, 1889-ஆம் ஆண்டில், மலோலோஸ் என்னும் ஊரின் இளம்பெண்களுக்கு அவர் தகாலோக் மொழியில் ஒரு நீண்ட நிருபம் வரைந்தார். அப்பெண்கள் இருபதின்மர், ஸ்பானிய மொழி கற்க இரவுப் பள்ளி ஒன்று வேண்டும் என்று, ஊர்க் குருவானவரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, ஆட்சித் தலைவரிடமே மனுக்கொடுத்தவர்கள். கல்வியை விரும்பிய அவர் துணிவை ரிஸால் மனமாரப் பாராட்டினார்.

டாபிடானில் ஆசிரியர்

நூல்களின் பயனாக அவர் குடும்பம் பெருந்துன்பம் உற்றது. குத்தகை வழக்கில் கலம்பாவின் குடிகள் பலரோடு அவர் பெற்றோரும் வீட்டினின்று வெளியேற்றப்பட்டனர். அயல்நாட்டில் அச்சமின்றி வாழ்ந்திருக்கலாகும் ரிஸால் 1892-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தாய்நாடு திரும்பினார். சீர்திருத்தத்தையும் ஒற்றுமையையும் கல்வியையும் நோக்கமாகக் கொண்டு, ஜூலை மாதம் 3-ஆம் நாள் ஒரு சங்கம் நிறுவினார். சின்னாட்களுள் அவர் பிடிக்கப்பட்டு, மிண்டானோத் தீவின் வடமேற்கிலுள்ள டாபிடான் என்னும் ஒதுக்கிடத்துக்கு நாடுகடத்தப்பட்டார். அங்கே நான்காண்டு வாழ்ந்தார்.

சிறைவாழ்வு என்னும் அந்நான்காண்டே அவர் வாழ்வின் இனிய பகுதி என்னலாம். பரிசுச்சீட்டில் தம் பங்குக்குக் கிடைத்த பணத்தைக்கொண்டு கடற்கரையில் நிலம் வாங்கினார், மருத்துவம் செய்தார், ஊருக்குக் குடிநீர்க் கால்வாயும் தெருவிளக்கும் அமைத்தார், தம்மை நாடி வந்த தாயாரின் கண்ணுக்குத் தாமே அறுவை மருத்துவம் செய்தார். மகன் மருத்துவம் கற்கப் புகுந்ததன் நோக்கம் அன்று நிறைவேறியது.

இவையனைத்தினும் நாம் கருதத்தக்கது அவர் அங்கே நடத்திய பள்ளி. மூன்று சிறுவரோடு தொடங்கிய அது இருபத்தொருவர் வரை வளர்ந்தது. பெரும்பாலாரிடம் கட்டணம் பெற்றிலர். அதற்கு ஈடாகத் தோட்டத்திலும் கட்டிட வேலையிலும் துணைசெய்யப் பணித்தார். பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை பாடம். ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார். நீந்தவும் படகு செலுத்தவும் பழக்கினார். தாம் பயின்ற அதீனியோவின் வழக்கத்தை மறவாது, முதல் மாணவனுக்குச் சக்கரவர்த்தி என்று பெயரிட்டு வாங்கின் தலைமாட்டில் அமர்த்தினார்.

ஆனால், சாந்தோ தோமாஸின் கண்ணாடிப் பேழை அங்கே இல்லை. இயற்கைநூற் பாடத்துக்குக் காடும் கடற்கரையுமே கூடம். மாணவரை அழைத்துச் சென்று செடிகொடிகளையும் பூச்சிகளையும் சிப்பிகளையும் திரட்டினார். அவற்றை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர்க் காட்சிச்சாலைக்கு அனுப்பினார். அங்ஙனம் அனுப்பியவற்றுள் பறக்கும் பல்லி ஒன்றும், தவளை ஒன்றும், வண்டு ஒன்றும் இதுகாறும் அறியப்படாத இனங்கள் எனக் கண்ட அறிஞர், அவற்றுக்கு ரிஸாலின் பெயரையே சூட்டினர். தமக்கு மறுக்கப்பட்டதனைத் தம் மாணவருக்கு அவர் வாரி வழங்கினார்.

அவரை மீண்டும் திருச்சபையின் பால் திருப்புமாறு இயேசு சபையார் அவருடைய பழைய ஆசிரியரான சான்சேஸ் அடிகளையே டாபிடானுக்கு அனுப்பினர். சமயக் கொள்கையில் இருவரும் ஒன்றுபட்டிலர். நட்பிற் குறைபட்டதும் இல்லை. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஊர்ச் சதுக்கத்தில் மண்ணாலும் கல்லாலும் மிண்டானோத் தீவின் பெரும்படம் ஒன்றை அமைத்தனர். ஊர்ச் சிறுவர் நிலநூல் கற்க அது பயன்பட்டது.

இறுதி நாள்

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆன்றெஸ் பொனிபாஸியோவின் தலைமையில் புரட்சி மூண்டது. போதிய ஆயத்தமின்றி எழும் புரட்சிக்கு ரிஸால் உடன்பட்டவரல்லர். கியூபாத் தீவின் படைகளுக்கு மருத்துவராகத் தொண்டாற்ற இசைவு பெற்று அவர் கப்பலிற் சென்றுகொண்டிருந்தார். ஆயினும் இடையே சிறைப்படுத்தப்பட்டு மணிலாவுக்குக் கொண்டுவரப்பட்டார். டிசம்பர் 26-ஆம் நாள் படை நீதிமன்றம் விசாரித்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டது.

இறுதி நாளில் அதீனியோவின் குருமார் சாந்தியாகோக் கோட்டைச் சிறைக்கு அவரைக் காணச் சென்றனர். செல்லுங்கால், அவர் சிறுவராயிருந்தபோது செதுக்கிய திருவிருதயச் சுரூபத்தையும் எடுத்துச் சென்றனர். இருபதாண்டுக்கு முன் தம் கை செய்த பொருளை அவர் அன்று மீண்டும் கண்டார். தாம் எழுதிய கடைசிக் கவியைச் சிறிய அடுப்பு ஒன்றினுள் மறைத்துத் தம் குடும்பத்தார் கைக்குச் சேரச் செய்தார்.

1896-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாட் காலை, கைகள் பின்கட்டப்பட்டு, கடற்கரை ஓரமாகப் பகும்பாயன் வெளிக்கு அவர் நடந்தார். மாணவப் பருவத்தில் தோழரோடு உலாவிய இடங்களே அவை. வழியில் மதிலுக்கு மேலே தோன்றிய கோபுரங்களைக் கண்டு, அவை அதீனியோவினுடையவை தாமோ என்று உடன் வந்த குருவானவரை வினவினார். ஏழாண்டு தாம் அங்கே கழித்ததை நினைவுகூர்ந்தார். முதல் நாள் வாயிலில் மறுக்கப்பட்ட சிறுவனது நினைவும் அப்பொழுது அவருக்கு எழுந்திருத்தல் கூடும். பூர்கோஸ் முதலிய மூவர் மாண்ட அவ்வெளியிலேயே, காலை ஏழு மணியளவில், துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானார்.

முடிவுரை

ஒன்றரை ஆண்டுக்குள், 1898-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பிலிப்பைன் நாட்டார் ஸ்பானிய ஆட்சியினின்று விடுதலையை அறிவித்தனர். பின் அமெரிக்கர் ஆட்சி வந்து, 1946-ஆம் ஆண்டில் அந்நாடு தன்னுரிமை எய்தியது. ரிஸால் வீழ்ந்த இடத்திற்கு அருகே 1913-ஆம் ஆண்டு முதல் அவர் சிலை நிற்கின்றது.

கல்லூரி மாணவர்க்கு மனக்குறைகள் இயல்பு. உணவு நன்றாயில்லை, வழி தொலைவு, மொழி விளங்கவில்லை, ஆசிரியர் அறிந்து நடத்தவில்லை, உழைப்புக்கேற்ற மதிப்பெண் வரவில்லை. இவற்றைச் சிலர் மறந்துவிடுவர். சிலர் சொல்லிச் சொல்லியே ஆற்றிக்கொள்வர். ரிஸால் இவ்விரண்டனுள் ஒன்றையும் செய்திலர். தமக்கு உற்ற ஒவ்வோர் இன்னலையும், இது எனக்கு மட்டும் உற்றதா, பிறர்க்கும் உற்றதா என்று வினவினார். பிறர்க்கும் உரியதென்று கண்டவற்றை நூலாக்கினார். தாம் ஆசிரியரானபோது அவற்றை நீக்கினார். மொழி தடையாயிருந்தது; அதனை வென்று, அதனையே கருவியாக்கினார். கருவிகள் பூட்டப்பட்டிருந்தன, தம் மாணவர்க்குக் காட்டையும் கடலையும் திறந்துவிட்டார். மாணவராய் இருந்தபோது பெற்ற அன்பையும் அவர் மறந்திலர். சான்சேஸ் அடிகளின் பெயர் அவர் வரலாற்றில் என்றும் நிலைபெறும்.

1956-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றினால், அந்நாட்டின் ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் சர்வகலாசாலையிலும் ரிஸாலின் வாழ்வும் நூல்களும் பாடமாயின. தகாலோக் பேசும் சிறுவர்களும் பிற மொழி பேசும் சிறுவர்களும் தத்தம் விடுதியிலிருந்து மழையிலும் வெயிலிலும் நடந்து வந்து, பௌதிக வகுப்பில் பிளாஸிதோ பட்ட பாட்டை வகுப்பறையில் அமர்ந்து கற்கின்றனர்.